வண்ணப்புள்ளிப் பெருமானுக்கு ஒரு வாழ்த்து

பாரத மணித்திருநாட்டின் காற்றையெல்லாம் கைபேசித் திரைக்குள் அடக்கியாளும் காற்றுத்தர வரைபடப் பெருமானே, வாழி! பச்சை முதல் கருஞ்சிவப்பு வரை ஆறு வண்ணம் தரித்து நீ எழுந்தருளும் கோலம், அனல்மின் நிலையச் சாம்பல் விழுந்து எரியும் வடசென்னை எண்ணூர்க் கண்களுக்கும் குளிர்ச்சியன்றோ!

உன் தாராளத்தை என்னென்பது! பிஎம் 2.5 நுண்துகள் நாளொன்றுக்குக் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கஞ்சர்கள்! நீயோ 30 வரை ‘நன்று’ எனப் பச்சை விரித்து, 60 வரை ‘திருப்தி’ என ஆசி வழங்குகிறாய். பெயர் சூட்டியே நுரையீரலைத் தேற்றும் வைத்தியர் உன்னையன்றி யாருளர்?

அடக்கத்தின் திருவுருவே! தில்லிப் புகை எவ்வளவு ஏறினாலும் உன் குறியீட்டெண் 500இல் கைகட்டி நின்றுவிடும். ஒரு மணி நேரத்து நஞ்சை 24 மணி நேரச் சராசரியில் கரைத்துவிடும் உன் சமநோக்கு முனிவர்க்கும் வாய்க்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, உன் வண்ணம் மாறும்வரை பொறுக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய பெரியகுப்பத்து அவசரக்காரர்களை மன்னித்தருள்க! காற்றை அளக்கும் கருவி இல்லாத ஊரில் உன் வண்ணப்புள்ளி இல்லை. புள்ளி இல்லாத ஊரில் மாசும் இல்லை. இத்தனை எளிதாக ஊர்களைத் தூய்மை செய்தவர் எவருமுண்டோ?

உன் குணங்களுக்கெல்லாம் முடிமணி, புறங்கூறாமை. மணலியில் காற்று கெட்டதைச் சொல்வாய்; கெடுத்த புகைபோக்கி எதுவென்று வாய் திறவாய். அனல்மின் நிலையங்கள் கந்தக டை ஆக்சைடைக் குறைக்க வேண்டுமென 2015 டிசம்பரில் பிறந்த விதிக்கு 2017 கெடு. கெடுவுக்குமேல் கெடு நீண்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களின் தலையிலிருந்து அந்தச் சுமையே இறக்கப்பட்டது. இப்பெருங்கொடையின் சுவடுகூட உன் திருமேனியில் படவில்லை. என்ன நாகரிகம்!

அத்திப்பட்டுத் தாய்மார்களோ, மாடிக்கொடியில் காயும் பள்ளிச் சட்டையில் படிந்த சாம்பலை விரலால் தொட்டு, அது எந்தப் புகைபோக்கியின் உபயம் என்று கைநீட்டிக் காட்டுகிறார்கள். பண்பறியாதவர்கள்! அவர்களுக்கும் உன் மௌனத்தைக் கற்றுக்கொடு. ஆலை முதலாளிகள் மனம் நோகாதிருக்க நீ நூறாண்டு வாழ்க!