முட்டி, முருகன், மாமியார்

கேள்வி: திருத்தணி மலையில் 365 படி ஏறி இறங்கினேன். முட்டி பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், சித்தா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாரிடம் போக?

பதில்: முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசுக் கணக்கு. (முருகன் மேலே இருக்கிறார் என்பதற்காக நாம் மலைவாசிகள் ஆகிவிட மாட்டோம்!) அங்கே தீராவிட்டால் திருத்தணி அரசு மருத்துவமனை. அதற்கும் மேலே, 2022 ஜனவரியில் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி. முட்டி மட்டும் வலித்தால் எலும்பு டாக்டர். கால் மரத்தும் போனால் நரம்பு. காலையில் எழுந்ததும் பல மூட்டுகள் விறைத்து வீங்கினால் மூட்டுவாத நிபுணர். இப்படி ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. படியேறும்போது நெஞ்சை அழுத்தினால் எந்தத் துறை என்று ஆராயாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் எந்தத் துறை?

பதில்: தத்துவம். ஊசி கிடையாது, மயக்கம் மட்டும் உண்டு.

கேள்வி: ஆந்திராவில், நகரியில் இருக்கும் மாமியாருக்கு நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செய்ய முடியுமா?

பதில்: ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் தமிழ்நாட்டு ரேஷன் கார்டில் பெயர் வேண்டும், குடும்ப வருமானமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். பெயரைச் சேர்த்துவிட்டால் அப்புறம் அவர் உங்கள் வீட்டில்தான். மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து யோசியுங்கள்.