விளக்கு வைக்கும் நேரத்துச் செய்திகள்

ஆறு மணிக்கு அம்மாவுக்கு வாசல் விளக்கு எரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் லட்சுமி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். ஆறரைக்கு அப்பாவுக்கு 720 கிலோஹெர்ட்ஸில் மாநிலச் செய்திகள். குண்டு பல்பு இருந்தவரை இரண்டும் சச்சரவில்லாமல் நடந்தன. எல்.ஈ.டி. வந்தபிறகு லட்சுமி உள்ளே நுழைந்ததுமே ஆகாசவாணி வெளியேறிவிடுகிறாள். "முதலமைச்சர்" என்று தொடங்குவார் செய்தி வாசிப்பவர், மீதியெல்லாம் கொர்ர்ர். முதலமைச்சர் சொன்னது என்னவென்று மறுநாள் பேப்பரில்தான் தெரியும்.

வடசென்னையில் எங்கள் விம்கோ நகரில் சந்தேகப்பட ஆளுக்கா பஞ்சம்? கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. 2021 முதல் மெட்ரோ. வடக்கே எண்ணூரில் துறைமுகம். அப்பா ஒவ்வொன்றாக விசாரித்தார். ரயில் போகும்போதும் இரைச்சல், போகாதபோதும் இரைச்சல். ஆகவே ரயில் நிரபராதி. கப்பல்களின் ஒயர்லெஸ் மீதும் கொஞ்ச நாள் கண் வைத்திருந்தார். ஒருநாள் அம்மா ஏதோ காரியமாக வாசல் சுவிட்சை அணைக்க, வானிலை அறிக்கை கணீரென்று கேட்டது. குற்றவாளி, தலைக்கு மேல் தொங்கிய 9 வாட் பல்பு!

குண்டு பல்பு வெகுளி. இழை சூடாகும், ஒளிரும். அதற்குமேல் அதற்கு ஆசையில்லை. எல்.ஈ.டி.க்கு 230 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் ஒத்துக்கொள்ளாது. அதனால் பல பல்புகளின் கழுத்துக்குள் டிரைவர் என்று ஒரு குட்டி சர்க்யூட் உட்கார்ந்துகொண்டு, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஊட்டுகிறது. அந்த வெட்டில் பிறக்கும் துணை அலைகள் மீடியம் வேவ் வரைக்கும் ஏறி வந்துவிடும். வீட்டு ஒயரிங்கே அதற்கு ஏரியல். தடுக்க ஒரு ஃபில்டர் போதும். மலிவான பல்பில் காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பதும் அதில்தான்.

இந்தத் தொல்லைக்கு வரம்பு கட்ட 1934லேயே சிஸ்பர் என்றொரு சர்வதேசக் குழு உண்டாகிவிட்டது. விளக்குகளுக்கென்றே அதில் தனித் தரம் இருக்கிறது. ஆனாலும் தொல்லை ஓயவில்லை. வேல்ஸில் அபெர்ஹோசன் என்ற கிராமத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு இன்டர்நெட் படுத்துக்கொண்டது. ஒன்றரை வருஷம் தேடி, 2020இல் இதே மாதிரி இரைச்சலைக் கிளப்பிய ஒரு வீட்டின் பழைய டி.வி.யைப் பிடித்தார்கள். அங்கே தேட இன்ஜினியர்கள் வந்தார்கள். இங்கே அப்பா.

"எஃப்.எம். கேளுங்களேன், அதுல இந்த இரைச்சல் அவ்வளவா ஏறாது" என்றேன்.

"அந்த விளம்பரத்துக்கு இந்தக் கொர்ர்ரே தேவலாம்."

ரேடியோவுக்குள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு. பெட்டியைத் திருப்பி வைத்தால் இரைச்சல் அடங்கும் என்று படித்துச் சொன்னேன். திருப்பினார். அடங்கியது. சென்னை நிலையமும் கூடவே அடங்கியது.

பேட்டைக்குப் பெயர் கொடுத்த விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியை ஸ்வீடன்காரர்கள் தொடங்கினார்கள். அந்தத் தீக்குச்சியால் எந்த ரேடியோவாவது இரைந்தது உண்டா என்பது அப்பாவின் வாதம். அரசின் உஜாலா திட்டத்தில் நாடெங்கும் 36 கோடிக்கு மேல் எல்.ஈ.டி. பல்புகள் போயிருப்பதால் கரண்ட் மிச்சம் என்பது என் வாதம். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டே சுவிட்சைப் போடுவாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவே இருண்டது. பேட்டரி ரேடியோ அப்படித் தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. தெருவில் ஒரு பல்புகூட எரியவில்லை அல்லவா! அக்கம்பக்கத்தார் நிலவரம் கேட்க எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். அப்பா வானொலி நிலையக் கலைஞர் தோரணையில் உட்கார்ந்திருந்தார். கரண்ட் வந்ததும் பிள்ளைகள் எல்லாம் "ஏய்ய்ய்" என்று கூச்சல் போட, ஒரே ஒரு குரல் மட்டும் "போச்சு" என்றது.

இப்போது பல்பு வாங்கக் கடைக்குப் போனால் ரேடியோவையும் மஞ்சப்பையில் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு பல்பையும் எரியவிட்டு, பக்கத்தில் ரேடியோவை வைத்துக் காதைக் கொடுக்கிறார். போன வாரம் கவுன்ட்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"பெரியவரே, பல்பு எரியுதான்னு பாருங்க. எதுக்கு அது பேசுதான்னு பாக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"பேசாத பல்பா ஒண்ணு குடுப்பா" என்றார் அப்பா.