ஸ்பெக் அண்ணாச்சி

பாண்டுப் மேற்கில் எல்.பி.எஸ். ரோட்டை விட்டு எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் காரை பெயர்ந்த மூன்று மாடி சொசைட்டி ஒன்று நிற்கும். அதில் எங்காவது ஒரு வீட்டில் ஸ்பெக் அண்ணாச்சி குடியிருப்பார். மராட்டியர் என்றால் ஸ்பெக் காகா, மலையாளி என்றால் ஸ்பெக் சேட்டன். பெயர்தான் மாறும், பிறவி ஒன்றே. எங்கள் கட்டடத்துக்கு வாய்த்தவர் திருநெல்வேலிக்காரர்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. நீலத்தில் மை தீர்ந்து பல காலம் ஆகியிருக்கும், சிவப்புக்கு மட்டும் மாதாமாதம் புது ரீஃபில். இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு குட்டி டேப். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பெண் யார், பையன் யார் என்று கேட்கமாட்டார். "மாலை ஆறு மணி முதல்னு போட்டிருக்கீரு. எது வரைக்கும்வே?" என்பார். அடுத்த வரிக்கு வருவார். "சுற்றமும் நட்பும் சூழன்னா எத்தன பேரு? மேல்வரம்பு உண்டா?" பத்திரிகை வைக்க வந்தவர் தாம்பூலத் தட்டைக் கையில் பிடித்தபடி நிற்பார். உள்ளேயிருந்து மதினி காப்பியோடு வந்துதான் அவரை மீட்க வேண்டும்.

அண்ணாச்சியின் குற்றமில்லை, செய்த வேலை அப்படி. பெரிய பெரிய இயந்திரங்களைக் கட்டும் ஒரு கம்பெனியில் ரிக்வயர்மென்ட் எழுதிக் காலத்தை ஓட்டியவர். வாங்குகிறவர் வாயில் வந்ததைச் சொல்வார். வரைகிறவன் மனசில் பட்டதை வரைவான். சோதிக்கிறவன் எதை வைத்துச் சோதிப்பது என்று முழிப்பான். மூன்று பேரும் கையெழுத்துப் போடக்கூடிய மாதிரி, ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயமாக எழுதித் தருவதுதான் அந்த வேலை. அப்படி எழுதியதற்குப் பெயர்தான் ஸ்பெக். ஐஎஸ்ஓ 29148 என்று இதற்கென்றே ஓர் உலகத் தரநிலை இருக்கிறது. எழுதக்கூடாத சொற்களுக்கு அதில் ஒரு தனிப் பகுதி: மிகச்சிறந்த, எளிதான, குறைந்த செலவிலான, இயன்றவரை, தேவைக்கேற்ப. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். "இந்தச் சொல்லையெல்லாம் எடுத்துட்டா நம்ம ஊர்ல யாரு வாயத் தொறக்க முடியும் அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்குத்தானே எழுதி வச்சிருக்கான்" என்றார்.

பாண்டுப்பில் குடியிருப்பதில் அவருக்குத் தனிப் பெருமை உண்டு. பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் கிளார்க் 1843-ல் பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான், பம்பாயைத் தானே, கல்யாண், தால் காட், போர் காட் மலைச்சரிவுகளோடு ரயிலால் இணைக்கும் யோசனை அவருக்குத் தோன்றியது என்று ரயில்வே வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து, 1853 ஏப்ரல் 16 அன்று, போரிபந்தரிலிருந்து தானேவுக்கு 34 கிலோமீட்டர் வண்டி ஓடியது. பதினான்கு பெட்டி, மூன்று எஞ்சின், நானூறு விருந்தாளிகள். அண்ணாச்சிக்கு வண்டி ஓடிய நாள் முக்கியமில்லை, யோசனை தோன்றிய நாள்தான் முக்கியம். "எந்த ஊரு எந்த ஊரோட சேரணும்னு சொன்னாம் பாத்தியா, அதுதாம்வே தேவை. உலகத்தரமான போக்குவரத்துன்னா சொன்னான்?" ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தண்டவாளத்தைக் காட்டி, "1676 மில்லிமீட்டர். இதுல 'ஏறக்குறைய' உண்டா?" என்பார். அதற்குள் கல்யாண் லோக்கல் வந்து, பின்னாலிருக்கும் கூட்டம் அவரை 'ஏறக்குறைய' உள்ளே தள்ளிவிடும்.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதைதான். மும்பைக்காரன் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு பாண்டுப் சுத்திகரிப்பு நிலையம் வழியாகத்தான் போகிறது. ஆசியாவின் பெரிய நிலையங்களில் ஒன்று. எங்கள் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்த அன்று சொசைட்டி செக்ரட்டரி, "நல்ல தண்ணீர் தரவும்" என்று மாநகராட்சிக்கு மனு எழுதினார். அண்ணாச்சி அதைப் பிடுங்கிக் கிழித்தார். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-ன்படி கலங்கல் 1 என்டியூவுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 5 வரை போகலாம், பிஎச் 6.5-லிருந்து 8.5-க்குள் நிற்க வேண்டும் என்று திருத்தி எழுதினார். மறுநாளே வார்டு ஆபீசிலிருந்து ஆள் பாட்டிலோடு வந்து தண்ணீர் பிடித்துப் போனான். 'நல்ல' என்று எழுதியிருந்தால், 'நல்லாத்தானே இருக்கு' என்று எங்கள் வீட்டிலேயே ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருப்பான் என்பது என் கட்சி.

இப்படி ஊறுகாய் அளவில் இருந்தவரை முழுச் சாப்பாடாக்கியது ரிடெவலப்மென்ட். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று ஒரு பில்டர் வந்தார். ஆஃபர் லெட்டர் வழவழ தாளில் கலர் படங்களோடு இருந்தது. படத்தில் எங்கள் சந்தில் இல்லாத மரங்கள், எங்கள் கட்டடத்தில் இல்லாத நாய், எங்களில் யாருக்கும் இல்லாத சிரிப்பு. 'அதிநவீன வசதிகள், புகழ்பெற்ற கம்பெனியின் அல்லது அதற்கு இணையான பொருத்துகள், போதுமான வாகன நிறுத்தம், அதிவேக லிஃப்ட் முதலியன.' ஒரே வீச்சில் எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அண்ணாச்சி வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தபோது தாள் அம்மை போட்ட மாதிரி சிவந்திருந்தது. கார்ப்பெட் ஏரியா போட்டிருந்த வரிக்கு மட்டும் சிவப்பு விழவில்லை. கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன, வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது, உள்சுவர் சேரும் என்று 2016-ல் வந்த ரெரா சட்டமே வரையறுத்துவிட்டது. "ஒரு வரியாவது கவர்மென்டு எனக்கு வேலை வைக்கல" என்று அதற்கு ஒரு டிக் போட்டிருந்தார்.

பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்தார். "போதுமான பார்க்கிங்குன்னா எத்தன வண்டி?"

அவ்வளவுதான். அதுவரை 'போதுமான' என்பதை இரண்டு கார் வைத்திருந்தவர் இரண்டு என்று படித்திருந்தார். ஸ்கூட்டர்காரர் ஒன்று என்று படித்திருந்தார். வண்டியே இல்லாதவர், வாடகைக்கு விட ஓர் இடம் என்று படித்திருந்தார். மூன்று பேரும் மனமொத்துக் கைதட்டியிருந்தார்கள். எண் கேட்டதும் கை ஓங்கிவிட்டார்கள். நாற்காலி ஒன்று உடைந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது எல்லாருக்கும் கோபம் பில்டர்மேல் இல்லை, அண்ணாச்சிமேல்தான். எனக்கும்தான். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால், அந்தச் சண்டையை அவர் உண்டாக்கவில்லை என்று பட்டது. அது அந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருந்தது. சாவி வாங்கிய பிறகு பிரிந்திருந்தால் நாற்காலியோடு போயிருக்காது, வக்கீல் ஃபீஸும் சேர்ந்திருக்கும். இருந்தாலும் ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

லிஃப்ட்டைப் பற்றிய கூட்டத்துக்குப் பிறகுதான் பேச்சு ஒட்டியது. மூன்றாம் மாடி ஆஜி, "லிஃப்ட் பெரியதாக வேண்டும்" என்றார். பில்டரின் ஆள், "எட்டுப் பேர் லிஃப்ட் தருகிறோம் ஆஜி" என்றான். அண்ணாச்சி மராத்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எதற்குப் பெரியது? ஆஜி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மாரடைப்பு வந்த புருஷனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் படிக்கட்டில் சாய்த்துச் சாய்த்து இறக்கியதைச் சொன்னார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. எட்டுப் பேர், 544 கிலோ என்று லிஃப்ட்டில் ஒட்டியிருப்பார்களே, அது ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கு. எட்டுப் பேர் நிற்கலாம். ஒருவர் படுக்க முடியுமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. அண்ணாச்சி சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, என்னிடம் நீலப் பேனா கடன் வாங்கி எழுதினார்: 'படுத்திருக்கும் நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு, சாய்க்காமல், மேல்மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு லிஃப்ட் இறக்க வேண்டும். சோதனை: ஒப்படைக்கும் நாளில் ஸ்ட்ரெச்சரில் ஆள் படுத்து இறங்கிக் காட்டுவது.' என்ன கம்பெனி லிஃப்ட், எத்தனை அடி என்று ஒரு வார்த்தை இல்லை. "அது அவன் பாடு. எனக்கு ஆள் இறங்கணும்." யார் படுத்துக் காட்டுவது என்று கேட்டதற்கு, செக்ரட்டரியைப் பார்த்தார்.

எழுதியதோடு விடுகிற ஆளுமில்லை. எழுதிவிட்டால் ஆயிற்று என்று யாராவது சொன்னால், 1999 செப்டம்பர் 23-க்குப் போய்விடுவார். அன்றுதான் நாசா தன் செவ்வாய்க் கலத்தைப் பறிகொடுத்தது. உந்துவிசைக் கணக்கு நியூட்டன்-செகண்டில் வர வேண்டும் என்று ஸ்பெக்கில் சுத்தமாக எழுதியிருந்தது. தரையிலிருந்த மென்பொருள் பவுண்டுக் கணக்கில் தந்தது. மாசக்கணக்கில் கலம் போய்க்கொண்டே இருந்தது, ஒருவரும் அதை ஸ்பெக்கோடு ஒத்துப்பார்க்கவில்லை. "எழுத்து தப்பில்லவே. பாக்கல." அமெரிக்கா தூரம் என்று நினைப்பவர்களுக்கு அந்தேரி. 2024 பிப்ரவரி 26-ல் புதிய கோகலே பாலத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தார்கள். அதோடு சேர வேண்டிய பர்ஃபிவாலா மேம்பாலம் இரண்டு மீட்டர் வாக்கில் கீழே நின்றது. ரயில்பாதைக்கு மேல் விட வேண்டிய உயரம் கூடியதால் புதுப் பாலம் ஏறிவிட்டது, மேம்பாலம் பழைய உயரத்திலேயே இருந்தது. பிறகு ஜாக்கி வைத்து மேம்பாலத்தைத் தூக்கி ஜூலையில்தான் இணைத்தார்கள். இடைப்பட்ட நாளில் அண்ணாச்சி பஸ் ஏறி அங்கே போய், டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டு பாலமும் நல்ல பாலம்தான்" என்றார். அதற்கு மேல் அன்று பேசவில்லை.

வெளியே இத்தனை வீராப்பு. வீட்டில் மதினியிடம் செல்லாது. "நல்ல வெண்டைக்காயா வாங்கிட்டு வாங்க" என்றாள் ஒருநாள். அண்ணாச்சி வாசல்படியில் நின்று, "நல்லன்னா?" என்றார். மதினி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "நுனிய ஒடிச்சா சட்டுனு ஒடியணும். வளைஞ்சா வேண்டாம்." அண்ணாச்சி வாயடைத்துப்போனார். அளவுகோல், சோதனைமுறை, ஏற்பு, நிராகரிப்பு எல்லாம் ஒரே மூச்சில். அவருடைய ஆபீசில் இப்படி ஒரு வரி எழுத மூன்று மீட்டிங் ஆகும். என்ன, பாஜிவாலாவுக்குத்தான் இந்த ஸ்பெக் பிடிக்காது. ஒடித்த காயையெல்லாம் எடைபோட்டு அவர் தலையிலேயே கட்டிவிட்டான்.

சென்ற மாதம் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். மாதுங்காவில் ஒரு தகவல் மையத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். படிப்பு, உயரம், நட்சத்திரம், எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக நிரப்பியிருந்தது. கடைசியில், 'எதிர்பார்ப்பு' என்ற கட்டத்தில், முழுக் கட்டமும் காலியாகக் கிடக்க, ஓரமாக நடுங்கிய கையெழுத்தில் ஒரே வரி: 'நல்ல பையனாக இருந்தால் போதும்.'

விடுவேனா? அவர் பையிலிருந்தே சிவப்புப் பேனாவை உருவி, 'நல்ல'வைச் சுற்றி ஒரு வட்டம், 'போதும்'மைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். "இத எப்படி அண்ணாச்சி சோதிக்கது?"

படிவத்தைப் பிடுங்கிக்கொண்டார். "உம்ம சோலியப் பாத்துட்டுப் போவும்வே."