மலிவுத் துப்பாக்கிக்கு ராஜ மரியாதை

அமெரிக்காவில் 1968 வரை துப்பாக்கியைத் தபாலிலேயே வரவழைக்கலாம். சியர்ஸ் கடையின் விலைப்பட்டியலில் துணிமணிகளோடு அதுவும் இருந்தது, ஜே.சி. ஹிக்கின்ஸ் என்று பேர் போட்டு. வாத்து சுட்டு ஓய்ந்து, கொட்டகை மூலையில் துருவேறிக் கிடந்த அந்தச் சரக்குக்குத்தான் இப்போது யோகம் அடித்திருக்கிறது: அதை வாங்கிப் புதுப்பிப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு.

வாங்குவது சல்லிசு. செலவு பிறகுதான். பழைய திருகுகளுக்குச் சாதாரண ஸ்க்ரூடிரைவர் போட்டால் காடி பிய்ந்துவிடும். நுனியை இணையாகத் தீட்டிய தனி செட் வேண்டும். அப்புறம் மெல்லிய இரும்பு நார், ஆளிவிதை எண்ணெய், இரும்புக்கு நீலக்கறுப்பு ஏற்றும் திரவம். கட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை வைக்க வேண்டும். ஆவி இறங்கி, மரம் உப்பி மேலே வரும். அசல் வித்தை! மறுநாள் அதே பெட்டியால் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வார்னிஷ் கறையைப் பார்த்த வீட்டம்மா நடத்தும் விசாரணை பற்றி மட்டும் வழிகாட்டி நூல்கள் வாய் திறப்பதில்லை.

குழல் தாங்குமா என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டினால், துப்பாக்கியின் விலையையே கூலியாகக் கேட்பார். சேகரிப்பாளரோ, "பழைய பூச்சை ஏன் சார் சுரண்டினீங்க? மதிப்பே போச்சே!" என்பார். நல்லவேளை, போவதற்கு மதிப்பு என்று ஒன்று இருந்ததில்லை.