பொட்டிப்புரம் தலபுராணம்

இது தேவாரப் பாடல் பெற்ற தலமல்ல. தேவாரம் ஊருக்குப் பக்கத்துத் தலம். வேண்டுமானால், வழக்குப் பெற்ற தலம்.

சுவாமி பெயர் நியூட்ரினோ. அருவம். அவதரித்தது சூரியனின் வயிற்றில். ஒன்றரைக் கோடி டிகிரியில், ஈயத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் அடர்த்தியாகக் கொதிக்கும் பிளாஸ்மா அது. அங்கே பிறந்த ஒளி முட்டி மோதி வெளியே வர ஆயிரக்கணக்கான ஆண்டு. சுவாமிக்கு இரண்டே நொடி. அடுத்த எட்டு நிமிஷச் சொச்சத்தில் கம்பத்துத் திராட்சைப் பந்தலைத் துளைத்துவிடுவார், ஒரு பழம்கூட உதிராமல். நகக்கண் அளவு இடத்தில் நொடிக்கு 6,000 கோடிப் பேர்.

காஸ்மிக் கதிர் காற்றில் மோதிப் பிறக்கும் பங்காளிகளும் உண்டு. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் அவர்களை உலகில் முதலில் கண்டவர்களில் நம்மவரும் உண்டு. பிறகு சுரங்கத்தை மூடினார்கள். தங்கமும் போச்சு, தரிசனமும் போச்சு.

அடுத்து, தரிசனத்துக்கு ஆய்வகம் கட்டப் பார்த்த இடம் நீலகிரி சிங்காரா. யானையும் புலியும் புழங்கும் வழி என்று 2009-ல் மத்திய அரசு கைவிரித்தது. மூட்டை கட்டியவர்கள் வந்திறங்கியது போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலையடியில். இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் குகை என்று திட்டம். மூலவராக 50,000 டன் காந்த இரும்பு. மற்ற கதிர்களை வடிகட்டத் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்குத் தலையாட்டியது.

"நியூட்ரினோ யாரையும் ஒண்ணும் செய்யாது" என்றது விஞ்ஞானம். "ஒண்ணும் செய்யாததுக்கா 1,500 கோடி? வெடி வச்சா முல்லைப்பெரியாறு என்னாகும்?" என்றது டீக்கடை.

வைகோ நீதிமன்றம் போனார். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தியது. 2018-ல் மத்திய அரசு திரும்பக் கொடுத்தது. 2022-ல் தமிழக அரசு, இது புலிகளின் வழித்தடம், முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. சிங்காராவில் துரத்திய புலி, மலை மலையாகத் தாண்டிப் பின்னாலேயே வந்துவிட்டது!

மூலவர் பிரதிஷ்டை ஆகவில்லை. உற்சவர் மட்டும், சின்ன மாதிரியாக, மதுரையில் 85 டன்னில் எழுந்தருளினார். சுவாமிக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. பகலில் அம்பரப்பர் மலை உச்சி வழியாக இறங்குகிறார். ராத்திரியானால் பூமியைத் துளைத்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏறுகிறார். நடை சாத்துவதே கிடையாது.