பெரட்டுல நிக்கிற ஆளு யாரு?

வாடா பேராண்டி, உக்காரு. பிரிக்பீல்ட்ஸ்ல ஏசி ரூம்ல கம்ப்யூட்டரோட குடும்பம் நடத்துறவன் நீ. கிள்ளானுக்கு வந்து, பால்மரம் வெட்டுன கிழவன்கிட்ட, "தாத்தா, என் லேப்டாப்புக்குள்ள என்னென்னமோ ஓடுது, எது நல்லது எது கெட்டது"ன்னு கேக்குற. படிச்சவன் கேட்டா பாமரன் சொல்லித்தானே ஆகணும்.

பெரட்டுன்னா உனக்கெங்க தெரியும், கொண்டோவுல பொறந்தவன். விடியறதுக்கு முந்தி தோட்டத்துல எல்லாரும் வரிசையா நிக்கணும், கிராணி செக்ரோல வச்சுக்கிட்டுப் பேரு கூப்பிடுவாரு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமுக்குனா வருதே டாஸ்க் மேனேஜர், அதான்டா பெரட்டு. "இருக்கேங்கய்யா"ன்னு குரல் குடுத்தவனையெல்லாம் நம்ம தோட்டத்து ஆளுன்னு கிராணி நம்புனதில்ல. எந்த லயம், எந்தக் கங்காணி கூட்டியாந்த ஆளுன்னு கேப்பாரு. நீ பேர மட்டும் படிச்சுட்டு பேயறஞ்ச மாதிரி வந்து நிக்குற.

எஸ்விசிஹோஸ்ட் எழுபது எண்பது ஓடுதுன்னு பயந்தியே, அது வைரஸ் இல்ல. விண்டோஸோட சில்லறை வேலையெல்லாம் அது தலையிலதான். முன்னயெல்லாம் பல சேவைய ஒரே மூட்டையாக் கட்டி ஓட்டுவான். 2017ல வந்த விண்டோஸ் 10 பதிப்புலேர்ந்து, மெமரி மூணரை ஜிபிக்கு மேல இருந்தா பெரும்பாலான சேவைய தனித்தனியாப் பிரிச்சுட்டான். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு படுக்காது. எண்ணிக்கையப் பாத்து அலறாத.

எங்க குடியிருக்குன்னு பாரு. பேரு மேல ரைட் கிளிக் பண்ணி, ஓப்பன் ஃபைல் லொக்கேஷன். எஸ்விசிஹோஸ்ட்டுக்கு வீடு சி டிரைவ்ல விண்டோஸ், அதுக்குள்ள சிஸ்டம்32. அதே பேரு டெம்ப்லயோ டவுன்லோட்ஸ்லயோ குந்திக்கிட்டு இருந்தா, அது வேற ஆளு. பேரையும் எழுத்துக் கூட்டிப் படி: எஸ், வி, சின்னு வரவேண்டிய இடத்துல எஸ், சி, வின்னு இருக்கும், ஓ எழுத்துக்குப் பதிலா கோசோங் இருக்கும், எல்சாஸ்னு இன்னொரு விண்டோஸ் ஆளு, அவன் பேருல சின்ன எல்லுக்குப் பதிலா பெரிய ஐ நிக்கும். கண்ணாடி போட்ட நானே கண்டுபுடிச்சுருவேன், போடாத உனக்குத்தான் தெரியாது. ஆனா ஆப்டேட்டாவுல இருக்கிறதெல்லாம் திருடன்னு கெளம்பிடாத. டிஸ்கார்டு மாதிரி யோக்கியமான சாமானும் அங்கதான் குடியிருக்கு.

அடுத்தது கங்காணி. மைக்ரோசாஃப்ட் இனாமாக் குடுக்குற ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்னு ஒண்ணு இருக்கு, யார யாரு கூட்டியாந்தாங்கன்னு மரமாட்டம் காட்டும். உண்மையான எஸ்விசிஹோஸ்ட்டுக்கு மேல சர்வீசஸ்ங்கிற பேரு இருக்கும். நேத்து நீ தொறந்த வேர்ட் ஃபைலு அதக் கூட்டியாந்திருந்தா, சந்தேகமே வேணாம், திருடன்தான்.

"கையெழுத்து பாத்தாப் போதுமே தாத்தா"ன்னு வாயத் தொறக்குற, தெரியுது. ப்ராப்பர்ட்டீஸ்ல டிஜிட்டல் சிக்னேச்சர் இருந்தா உத்தமன்னு உனக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்கான். நம்ம ஊரு கதையொண்ணு கேளு. செர்டாங்ல இருக்கே மார்டி, விவசாய ஆராய்ச்சிக் கழகம், 1987ல எக்சோட்டிக்கா பப்பாளிய வெளியிட்டவங்க. நல்ல பழம், குத்தம் சொல்ல மாட்டேன். 2011 நவம்பர்ல ஃபின்லாந்து கம்பெனி எஃப்-செக்யூர் ஒரு களவாணி ஃபைலப் புடிச்சது. பிடிஎஃப்புக்குள்ள ஒளிஞ்சு, அடோபி ரீடர் 8ல இருந்த ஓட்டை வழியா நுழையிற சாமான். அதுல கையெழுத்து யாருதுன்னு பாத்தா, மார்டி! பப்பாளிக்காரன் பேரச் சொல்லிக்கிட்டு திருடன் உள்ள வந்திருக்கான், பெரட்டுலயும் நின்னிருக்கான்.

எப்படி நடந்துச்சு? அது மார்டியோட ஒரு வெப்சைட்டுக்குக் குடுத்த சான்றிதழ். சாஃப்ட்வேர்ல கையெழுத்துப் போட இதப் பாவிக்கக் கூடாதுன்னு அதுல எழுதியே வைக்கல. குடுத்தது நம்ம நாட்டு டிஜிசர்ட் செண்டிரியான் பெர்ஹாட். அமெரிக்காவுல அதே பேருல இருக்கிற கம்பெனிக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. பேர மட்டும் பாக்காதன்னு நான் சொன்னதுக்கு இதுவும் ஒரு சாட்சி. இவங்க குடுத்த 22 சான்றிதழ் வெறும் 512 பிட் சாவிய நம்பி நின்னுச்சு. அந்த அளவு சாவிய 1999லயே கணக்குப் போட்டு உடைச்சுக் காட்டிட்டாங்க. மார்டி சான்றிதழ் எப்பவோ திருட்டுப் போயிருச்சுன்னு நம்ம அதிகாரிங்க சொன்னாங்க. டச்சுக்காரன் ஃபாக்ஸ்-ஐடி, இதப் போயித் திருடணுமா, உடைச்சே எடுத்திருப்பான்னான். மைக்ரோசாஃப்டும் மொசில்லாவும் அந்த மாசமே இந்தக் கம்பெனி மேல வச்ச நம்பிக்கையப் புடுங்கிட்டாங்க. நம்ம ஊருக்கு மட்டும் வந்த கேவலமில்ல, 2010ல வெளிய வந்த ஸ்டக்ஸ்நெட்டும் தைவான் ரியல்டெக் கையெழுத்தோடதான் ஊரச் சுத்துச்சு.

அதனால கையெழுத்து இல்லன்னா சந்தேகப்படு. இருந்தா, வீட்டையும் கங்காணியையும் சேத்துப் பாரு. அதுக்கப்புறமும் புரியலன்னா ஃபைல வைரஸ்டோட்டல்ல போட்டுப் பாரு, எழுபது சொச்சம் ஆன்ட்டிவைரஸ் ஒரே நேரத்துல நாட்டாமை பண்ணும். ஒண்ணு ரெண்டு மட்டும் கத்துனா பொய் அலாரமா இருக்கலாம், பாதிக்கு மேல கத்துனா நீயும் கத்து. உன் ஆபீசு சம்பளப் பட்டியல மட்டும் அங்க ஏத்திடாத, ஏத்துனத ஊர்ல இருக்கிற மத்தவனும் எடுத்துப் பாக்கலாம்.

மெஷின் சூடாச்சுன்னு உடனே எண்ட் டாஸ்க் அமுக்குறியே, பலே வீரன்டா! அமுக்கு, விண்டோஸுக்கு உயிர்நாடியா இருக்கிற சிஎஸ்ஆர்எஸ்எஸ்ஸையும் முடிச்சுவிடு. நீலத் திரை வரும், நானும் பாத்து ரொம்ப நாளாச்சு. ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ்னு ஒண்ணு சிபியுவத் தின்னுதுன்னு அதத் தொரத்தப் பாத்தியாம், அதுதான் டிஃபென்டர், உன் காவக்காரன்டா! திருட்டுத்தனமா கிரிப்டோ காசு தோண்டுற சில மைனருங்க நீ டாஸ்க் மேனேஜரத் தொறந்த நிமிஷமே கைய மடக்கிட்டு சாதுவா உக்காந்துக்குவான். உழைக்கிறவன அடிப்ப, நடிக்கிறவன விட்டுருவ. அதுல பாரு, ரெண்டு வெள்ளி மிச்சம் பண்ண கிராக் சாஃப்ட்வேர் போட்டு, அது சொல்லுச்சுன்னு காவக்காரன நிறுத்தி வச்சதும் இந்த மகராசன்தான்.

போன்லயும் இதே கூத்துதான். 2022ல, வீடு கூட்ட ஆள் அனுப்புறோம்னு போலி ஏபிகே ஏத்த வச்சு, எட்டு மலேசிய பேங்க் வாடிக்கையாளருங்களக் குறி வச்சாங்க. வீடு நீயே கூட்டுனா என்ன, கை தேஞ்சா போயிரும்?

சந்தேகம் உறுதியாச்சுன்னா நெட்ட அறுத்துவிடு. வேற மெஷின்லேர்ந்து பாஸ்வேர்ட மாத்து. டிஃபென்டரோட ஆஃப்லைன் ஸ்கேனப் போடு. பேங்க்ல காசு நகந்திருந்தா எனக்குப் போன் பண்ணாத, உடனே பேங்குக்கும், மோசடிப் புகார் எண் 997க்கும் பண்ணு.