கால் கழுவ ஒரு குழாய் வேண்டி

அனுப்புநர்:
இரண்டு குழந்தைகளின் தாய்,
ஈரோடு.

பெறுநர்:
கடற்கரைக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள்,
எந்தத் துறையோ அந்தத் துறை.

பொருள்: கடல் பார்க்க வரும் குழந்தைகளுக்குக் கால் கழுவக் குழாய் ஒன்று அமைத்துத் தருதல் – தொடர்பாக.

பார்வை: மே மாதம் மூன்றாவது வாரம், நானே கண்ணால் பார்த்தது.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

எந்த ஊர்க் கடற்கரை என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஊர்த் துப்புரவுப் பணியாளர் யாருக்காவது மெமோ போகும், குழாய் வராது. பெயரைச் சொல்லாவிட்டால், ‘நம்ம ஊரா இருக்குமோ’ என்று எல்லா அதிகாரிகளும் ஒரு நிமிஷமாவது யோசிப்பீர்கள் என்கிற நப்பாசை.

பெறுநர் முகவரியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். விசாரித்துவிட்டுத்தான் எழுதினேன். கடலுக்குள் இருக்கும் மீன் ஒரு துறை. கரையேறி முட்டையிடும் ஆமை இன்னொரு துறை. வரவேற்பு வளைவு சுற்றுலாவுக்கு, குப்பைத்தொட்டி உள்ளாட்சிக்கு, ‘இங்கே குளிக்கக் கூடாது’ என்ற பலகை காவல்துறைக்கு. உடம்பெல்லாம் மணலோடு நிற்கிற குழந்தை மட்டும் எந்தக் கோப்பிலும் சேரவில்லை. ஆகவே பொதுவாகப் போட்டுவிட்டேன். உங்களுடையது இல்லை என்றால் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடவும். அது உங்களுக்குப் பழக்கம்தானே.

எங்கள் ஊருக்குக் கடல், எந்தப் பக்கம் போனாலும் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. இரண்டு பேரும் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் பவானிசாகர் அணைதான். இந்த வருஷம் கடலைக் காட்டிவிடுவது என்று பொங்கலன்று முடிவு செய்தோம். முடிவு செய்த பிறகு காலண்டரைப் பார்த்தோம். அது தப்பு; முதலில் பார்த்திருந்தால் முடிவே செய்திருக்க மாட்டோம்.

தை, மாசியில் கடற்கரை சொர்க்கம். அப்போது பள்ளிக்கூடம். அரையாண்டு விடுமுறை வருகிற நேரத்தில் வங்கக் கடலில் ஏதாவதொரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் விடுமுறைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். மிஞ்சியது முழு ஆண்டு விடுமுறை. அதாவது கத்திரி வெயில். அது போதாதென்று, எங்கோ தெற்கே பெருங்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் சத்தமில்லாமல் கரையேறும் கள்ளக்கடலுக்கும் ஏப்ரல், மேதான் பருவம். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் கடலில் இறங்கிய பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் பால் வாங்கப் போகும்போதுகூட அலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். குழந்தைகளுக்கு எப்போது லீவு விடுவது என்று தீர்மானிக்கிறவரும் கடலும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் நன்றாக இருக்கும்.

அடுத்தது எந்த ஊர் என்கிற பஞ்சாயத்து. வீட்டுக்காரர் கன்னியாகுமரி என்றார். 133 அடி வள்ளுவர், அவருக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் என்று அடுக்கினார். மகள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அங்க மண்ணு இருக்குமா?” என்றாள். மகனுக்கு ஜேசிபி ஓட்ட இடம் வேண்டும். பொம்மை ஜேசிபிதான், ஒரு சாண் நீளம்.

என் மாமியார் பிடித்த பிடியில் நின்றார். “ஏனம்மிணி, ராமேஸ்வரமே போயிரலாம். கடல்ல முழுக்குப் போட்டாப்பலயும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு.” நான் சிரித்தேன். அக்னி தீர்த்தத்தில் கடலில் முழுகிவிட்டுக் கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகளில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும்; மூன்று வயசுப் பயலை வைத்துக்கொண்டு ஆகிற காரியமா என்று சொல்லி அந்த யோசனையை ஒதுக்கினேன். ஒதுக்கியதற்காக இப்போது வருந்துகிறேன். காரணம் பின்னால் வருகிறது.

ரயில் பற்றி அதிகம் சொல்லவில்லை. அது வேறொரு மனுவுக்குரிய விஷயம். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த வேகத்திலேயே மூடிவிடும். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குப் பெர்த் வேண்டாமென்றால் கட்டணம் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால், பெர்த் வேண்டாமென்றால் அரைக் கட்டணம். வேண்டுமென்றால் முழுக் கட்டணம். சிக்கனம் பார்த்து இரண்டு குழந்தைகளையும் எங்கள் பெர்த்துகளில் ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டோம். அரைக் கட்டணக் குழந்தை அரைக் குழந்தையாகப் படுக்காது என்பதை இரவு இரண்டு மணிக்குத் தெரிந்துகொண்டோம்.

போய்ச் சேர்ந்ததும் மீன் சாப்பாடு. நெடுநாள் ஆசை. கடலோரத்தில் உட்கார்ந்து, அன்று காலையில் பிடித்ததை அன்று மத்தியானமே சாப்பிடுவது. கடைக்காரர் சங்கடமாகச் சிரித்தார். “தடைக்காலம்க்கா. விசைப்படகு ஒண்ணும் போகல. இது பொட்டி மீனுதான், கேரளாவுல இருந்து வருது.” கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, மேற்கில் ஜூன் மாதம்தான் தொடங்கும். நாங்கள் ஈரோட்டிலிருந்து கிளம்பிக் கிழக்கே கடலைத் தேடிப் போக, மீன் மேற்குக் கடலிலிருந்து கிளம்பி, ஐஸ் பெட்டியில் படுத்துக்கொண்டு, அநேகமாக எங்கள் ஊரைத் தாண்டித்தான் எங்கள் இலைக்கு வந்திருக்கிறது. எங்களுக்காவது பாதி பெர்த். அதற்கு முழுப் பெட்டி.

தடையைக் குறை சொல்லவில்லை, தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பெருக வேண்டிய காலம். அவை குடும்பத்தோடு இருப்பதற்கு அரசாங்கம் 61 நாள் ஒதுக்கியிருக்கிறது. பங்குனி ஆமை கரைக்கு வந்து முட்டையிட்டால், ராத்திரியெல்லாம் டார்ச்சோடு நடந்து முட்டையைப் பொறுக்கி, வேலி போட்ட இடத்தில் புதைத்துப் பாதுகாத்து, குஞ்சு வெளியே வந்ததும் கூடையில் எடுத்துப்போய்த் தண்ணீர் ஓரத்தில் விடுகிறார்கள். பார்க்கவே மனசு நிறையும். மீன் குஞ்சுக்கு ஏற்பாடு இருக்கிறது, ஆமைக் குஞ்சுக்கும் இருக்கிறது. நானும் இரண்டு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டுதான் வந்தேன் என்று சொல்ல வருகிறேன்.

சாயங்காலம் நாலரைக்குக் கடற்கரை. ஐயா, அந்த முதல் அரைமணி நேரத்துக்கு உங்களுக்கும் கடலுக்கும் என் நன்றி. மகன் அலையைப் பார்த்து விரலை நீட்டி “போ!” என்று அதட்டினான். அது போனது. திரும்பி எங்களைப் பார்த்தான். ஒரு கலெக்டர்கூட அப்படிப் பார்க்க மாட்டார். அப்புறம் அலை மறுபடி வந்து அவனைக் குப்புறத் தள்ளியது. அழுகை இல்லை. ஜேசிபியை எடுத்துக் குழி தோண்ட ஆரம்பித்தான். மகள் அந்தக் குழிக்குக் கையில் அள்ளி அள்ளித் தண்ணீர் சுமந்தாள். வந்து சேரும்போது விரலிடுக்கில் ஈரம் மட்டும் இருக்கும். வங்காள விரிகுடா முழுக்கக் கண்ணெதிரே கிடக்க, அவர்களுக்குத் தேவைப்பட்டது அதன் கடைசி நான்கு அடி.

பிறகு இருட்டத் தொடங்கியது. கிளம்ப வேண்டும்.

மூன்று வயதுக் குழந்தையின் தொடை மடிப்பில் எவ்வளவு மணல் தங்கும் என்று உங்கள் துறை அளந்து பார்த்ததுண்டா? கால்சட்டையைக் கழற்றியதும் அரைப்படி கொட்டியது. கழுத்துச் சுருக்கத்தில், காது மடலில், அரைஞாண் கயிற்றில் கோத்ததுபோல, எங்கும் மணல். துண்டால் துடைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல இருக்கிறதாம், கத்தினான். கடல் தண்ணீரிலேயே கழுவினேன். கழுவிவிட்டுத் தூக்கி வருவதற்குள் இறங்கி ஓடி மறுபடி மணல். இப்படி நான்கு முறை. ஐந்தாவது முறை நானும் உட்கார்ந்துவிட்டேன்.

கழிப்பறை கண்ணில் பட்டது. நல்ல கட்டடம். சுவரில் கருங்கல் பலகை, அதில் திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள் என்று பதினோரு பெயர். கதவில் பூட்டு. சாவி டீக்கடையில் இருக்கிறது என்றார்கள். டீக்கடைக்காரர் மருமகன் கொண்டுபோனான் என்றார். மருமகன் வெளியூர் போயிருந்தான். கட்டடத்துக்குப் பின்னால் குழாய் ஒன்று இருந்ததைப் பார்த்து மகள், “அம்மா, பைப்பு!” என்று ஓடினாள். இருந்தது, ஐயா. மறுக்கவில்லை. திருகு மட்டும் இல்லை. திருகு இருந்த இடத்தில் யாரோ மரக்கட்டை ஒன்றைச் செருகியிருந்தார்கள். நான் அதைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு எறும்பு வந்தது.

கடைசியில் தண்ணீர் பாட்டில் வாங்கினோம். லிட்டர் இருபது ரூபாய். இரண்டு குழந்தைகள், நான்கு கால்கள், ஐந்து பாட்டில். ஓசோன் முறையில் சுத்திகரித்து, தாதுக்கள் சேர்த்த தண்ணீரால் என் மகனின் பின்பக்கம் கழுவப்பட்டது. சுதந்திர இந்தியாவில் இதைவிடப் பெரிய மரியாதையை எங்கள் குடும்பம் கண்டதில்லை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது போதும். “ராமேஸ்வரத்துல இருவத்தி ரெண்டு கெணறு” என்று மட்டும் முணுமுணுத்தார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. முதலில் உப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். ஒன்றல்ல, இரண்டல்ல, 22 இடம். கடலில் இறங்குகிற மனிதனுக்கு ஏறிய பிறகு என்ன தேவை என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பாவம் போகிறதோ இல்லையோ, மணல் போயிருக்கும்.

ஐந்தாவது பாட்டிலும் தீர்ந்த பிறகு மகளின் தலை பாக்கி. பக்கத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த பாட்டி கூப்பிட்டார். “இங்க கொண்டா தாயி.” ஓரமாக இருந்த நீலப் பிளாஸ்டிக் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு, தலையைக் குனியச் சொல்லி, கண்ணில் படாமல் கையை நெற்றியில் அணை போட்டு ஊற்றினார். இன்னொரு செம்பு மொள்ளப் போனபோதுதான் கேட்டேன், எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று. லாரித் தண்ணீராம். குடம் இத்தனை ரூபாய் என்று காசு கொடுத்துப் பிடித்தது. நான் பணத்தை நீட்டினேன். “புள்ளைக்கு ஊத்துனதுக்குக் காசா?” என்றார். அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு வந்தேன். கோரிக்கைக்கும் இந்தப் பத்திக்கும் சம்பந்தம் இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சிவப்பு மையால் சுழிக்கலாம். சுழிக்கட்டும்.

கடலோரத்தில் கட்டடம் கட்ட விதி இடம் தராது என்று நீங்கள் பதில் எழுதுவீர்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர் படித்தவர், தேடிப் பார்த்தார். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பிலேயே, கடற்கரையில் தற்காலிக வசதியாகக் கழிப்பறை, உடைமாற்றும் அறை, குளிக்கும் குழாய், குடிநீர் எல்லாவற்றுக்கும் வழி சொல்லியிருக்கிறதாம். உயர் அலைக் கோட்டிலிருந்து பத்து மீட்டராவது தள்ளியிருக்க வேண்டுமாம். டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு 33 நிபந்தனை வைத்து, தேறுகிற கடற்கரைக்கு நீலக்கொடி கொடுக்கிறது. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் 2021இல் அதை வாங்கியது. கழிப்பறையும் அந்த 33இல் அடக்கம். ஆக, மனசு வைத்தால் குழாய் வைக்கத் தெரியும் என்பது நிரூபணமாகிவிட்டது. தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். எல்லா இடத்திலும் 33ஐயும் கேட்கவில்லை. 32ஐ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் இரண்டடி உயரத்தில் இருந்தால் போதும். திருகோடு. திறப்பு விழா வைத்தால் மறுப்பில்லை. கருங்கல் பலகையில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் பொறித்துக்கொள்ளலாம். சாவியைத் தயவுசெய்து மருமகனிடம் கொடுக்க வேண்டாம்.

மேற்படி மனுவின் மீது ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டு குழந்தைகளின் தாய்.

இணைப்பு: கடற்கரை மணல், ஒரு பொட்டலம். மகனின் கால்சட்டைப் பையிலிருந்தும் ஜேசிபியின் வாளியிலிருந்தும் எடுத்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் தனியார் தாது மணல் அள்ள 2013 முதல் தடை இருப்பது அவனுக்குத் தெரியாது. இதில் தாது இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. எப்படியானாலும் அரசாங்கச் சொத்து, திருப்பி அனுப்பிவிட்டேன். ரசீது அனுப்பவும். மீதி வாஷிங் மெஷினுக்குள் இருக்கிறது. வர வர அனுப்புகிறேன்.